அம்மா சேர்த்துவைத்த ஜோடி

பாம்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் பொறியியல் படிக்க வந்து, எங்கள் இரண்டு அறை வீட்டின் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தார். எழுபதுகளின் தொடக்கம், எனக்கு எட்டு வயது. ஓர் ஈஸ்டர் விடுமுறையில், வகுப்பு நண்பன் இத்தாலிக்குப் போகிறான், மூன்று வாரம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி இரண்டு கண்ணாடிப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். பெட்டிக்கு ஒன்றாக இரண்டு கிங் ஸ்நேக், ஓர் ஆண், ஒரு பெண்.

பேரைக் கேட்டதும் ராஜநாகம் என்று நினைத்து அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். “ஐயோ, அது இல்லக்கா, இது அமெரிக்காப் பாம்பு. விஷமே கிடையாது. பரம சாது,” என்று மாமா கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினார். ஜெர்மனியில் மாமாவுக்கு வாய்த்த ஒரே நண்பன் அவன்தான். வகுப்பில் புரியாததையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவன். பாம்புகளுக்கு ஏதாவது ஆனால் அவன் முகத்தில் விழிக்க முடியாது என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார்.

சாது என்றது பொய்யில்லை. கையில் எடுத்தால் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டிப் பார்க்கும். மிரண்டால் வாலைப் படபடவென்று ஆட்டும். ரொம்ப மிரண்டால் நாற்றமாக எதையோ பீச்சிவிடும், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. ஆபத்தெல்லாம் அதன் பசியில்தான். எலி வாசனை அடிக்கும் எதையும் எலி என்றே நம்பும். மாமா கை கழுவாமல் பெட்டிக்குள் விட்ட அன்று, கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து அவர் வாங்கிவரும் செத்த வெள்ளெலிகளைச் சைவமான அம்மா வீட்டுக்குள் விடவில்லை. எலி டப்பா பால்கனியிலேயே இருந்தது.

ஆனால் சில நாட்களில் அம்மா மாறிவிட்டாள். அப்பா காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வருவார். நான் நாள் முழுக்கக் கீழே மற்ற பிள்ளைகளோடு ஜெர்மனில் கத்திக்கொண்டிருப்பேன். அம்மா அந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எதிர்வீட்டு அம்மாளிடம் ‘கூட்டன் டாக்’ என்று வணக்கம் சொல்வதற்கு மேல் அவளுக்குப் பேச்சு ஓடாது. காய் நறுக்கும்போது நாற்காலியைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஊர்க்கதையெல்லாம் பாம்புகளிடம் சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் சொந்தக்காரர்களைப் பற்றி என்னைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது வாரத்தில் பெண்பாம்பு எலியைத் தொட மறுத்தது. கண் பால்போல வெளுத்து, மூலையில் சுருண்டுகொண்டது. மாமா கையைப் பிசைந்தார். அம்மாவுக்கோ காரணம் உடனே தெரிந்துவிட்டது.

“ஜோடியைப் பிரிச்சு வெச்சா எப்படிடா அதுக்குச் சோறு இறங்கும்? அதுவும் ஒரு உசுருதானே?”

“தனித்தனியாத்தான் வைக்கணும்னு அவன் ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்கான்க்கா.”

“கல்யாணம் ஆகாத பையன். அவனுக்கு என்ன தெரியும்?”

மறுநாள் மாமா வெளியே போனதும், அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து, பெண்பாம்பை இரண்டு கைகளாலும் தூக்கி ஆண்பாம்பின் பெட்டியில் விட்டாள். நான் கைதட்டினேன். ஆண்பாம்பு மெல்ல நகர்ந்துவந்து அதைச் சுற்றிக்கொண்டது. “பாரு, எவ்வளவு ஆசையா இருக்கு,” என்று சொல்லிவிட்டு அம்மா நிம்மதியாக ரசம் வைக்கப் போனாள்.

மத்தியானம் மாமா வந்து பார்த்தபோது, ஆண்பாம்பின் வாயிலிருந்து மற்றதன் வால் மட்டும் வெளியே தெரிந்தது. கிங் ஸ்நேக் மற்ற பாம்புகளைத் தின்னும், தன் இனத்தைக்கூட விடாது என்பதை, அக்கா பயந்துவிடுவாளே என்று மாமா சொல்லாமல் விட்டிருந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நண்பன் திரும்பி வந்த அன்று, பழியைத் தானே ஏற்றுக்கொள்வதென்று மாமா தீர்மானித்திருந்தார். அம்மா விடவில்லை. முன்னால் வந்து நின்று, “நான்தான் பண்ணேன், தனியாக் கிடந்து ஏங்கிப்போச்சுன்னு நெனச்சேன்னு சொல்லுடா,” என்றாள். மாமா தலையைக் குனிந்தபடி ஜெர்மனில் சொன்னார். அந்த நெட்டைப் பையன் காலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்டவில்லை. தோலுரிக்கும் முன் பாம்புக்குக் கண் வெளுக்கும், சாப்பிடாது. உரித்ததும் தானாகச் சாப்பிட்டிருக்கும் என்றான். பிறகு அம்மாவைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னான்.

“இதுக்குத் துணையே வேண்டாமாம்க்கா,” என்றார் மாமா. “எத்தனை வருஷம் ஆனாலும் தனியாவே இருக்குமாம். ஏக்கமே கிடையாதாம்.”

“கொடுத்துவெச்ச ஜென்மம்,” என்றாள் அம்மா.

மாமா சிரித்துவிட்டார். நண்பனுக்கும் சொல்ல, அவனும் சிரித்து மாமாவின் தோளில் தட்டினான். மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வயிறு முட்டத் தின்றதைத்தான் அம்மா சொல்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவர்கள் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்க, பந்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கதவைச் சாத்திவிட்டுப் போ என்று அம்மா சொன்னாள். சாத்திவிட்டுப் போனேன்.