ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்

மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் அவளுக்கு இது பத்தொன்பதாவது வருடம். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர் வருவார்கள். ஆளைப் பலகையில் நெஞ்சு ஒட்ட நிற்க வைத்துவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்பாள். பொத்தானை அழுத்துவாள். "ம், விடுங்க." வார்டுகளில் அவளுக்கு மூச்சம்மா என்று பெயர். அது அவளுக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளத் தெம்பு மிச்சமிருந்ததில்லை.

நாற்பத்து நான்காவது வயதில், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபாவைக் கற்றுக்கொண்டாள். தண்ணீருக்கடியில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சான்றிதழ் கிடைத்தது, மிதவைதான் கைகூடவில்லை. ஏறாமலும் இறங்காமலும் தண்ணீருக்குள் ஓரிடத்தில் நிற்பது இந்தக் கலையில் பாதி. அவளால் நிற்க முடியவில்லை. இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கூட்டினால் தரையில் போய் உட்கார்ந்தாள், குறைத்தால் மேலே போனாள்.

தனியாகப் போகிறவர்களைத் தனியாக மூழ்க விடுவதில்லை. படகிலிருக்கும் இன்னொரு தனி ஆளோடு ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஒருவர் மேலே வந்தால் மற்றவரும் வந்தாக வேண்டும். போன வருடம் அவளுக்கு ஜோடியாக வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர்கள் மூழ்கிய இடத்தைப் பார்க்க எத்தனையோ வருடம் காத்திருந்தவர். பன்னிரண்டாவது நிமிடத்தில் அவள் பலூன் மாதிரி மேலே போனாள். அவரும் பின்னாலேயே வந்தார். "பரவாயில்லம்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார். அதன் பிறகு கரை வரும்வரை அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அந்தப் பரவாயில்லை ஒரு வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த வருடம் ஆறு நாள் விடுப்பு. இரண்டு இடங்களை விசாரித்தாள். ஒன்று பெயர்பெற்ற தீவு. செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர், ஆமைகள், நல்ல நீரோட்டம். அங்கிருந்து உடனே முப்பது படங்கள் வந்தன. மற்றொன்று ஒரு சிறிய விரிகுடா. அங்கிருந்து பதிலே வராததால் போன் செய்தாள். எடுத்தவள் அங்கே சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்.

"அங்க பாக்க என்ன இருக்கு?"

"மணல்."

"அப்புறம்?"

"அப்புறமும் மணல்தாங்க. அஞ்சு மீட்டர் ஆழம். ஓட்டம் கிடையாது. நீங்க எதுக்கு வர்றீங்க?"

"மெதக்கப் பழகணும். என்னால இன்னொருத்தர் லீவு கெடக்கூடாது."

"அப்ப வாங்க. ஆழத்துல யாரு வேணா சமாளிச்சிருவாங்க. அஞ்சு மீட்டர்லதான் குட்டு வெளிப்படும்."

செய்தியைக் கேட்ட அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "வருஷத்துக்கு ஒரு லீவு. அதையும் மணலப் பாக்கப் போறியா? மாடித் தண்ணித் தொட்டியில முங்கிக்கடி. நானே வந்து மூடி போட்டுர்றேன்."

"தொட்டியில பாசி."

"அதாவது பாக்கறதுக்கு இருக்குல்ல!"

தீவின் படங்களை இன்னும் இரண்டு நாள் புரட்டிப் பார்த்தாள். ஆமையைப் பார்க்க அவளுக்கும் ஆசைதான். ஆனால் ஒவ்வொரு படத்திலும் ஆமைக்குப் பின்னால் யாரோ ஒருவர் அசையாமல் மிதந்துகொண்டிருந்தார். விரிகுடாவுக்கே பதிவு செய்தாள். அதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. இன்னொரு பரவாயில்லையைக் கேட்கும் சக்தி இல்லை, அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாளும் பழைய கதைதான். அறையில் ஒரு கட்டில், ஈர உடை காயும் கயிறு, நனைந்த ரப்பர் வாசனை. தண்ணீரில் ஏறினாள், விழுந்தாள். மாலையில் காதுவலியோடு படுத்துக்கொண்டு, வேலைக்குப் போயிருந்தால் இதைவிட ஓய்வாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் கரையேறியதும் பயிற்சியாளர் கேட்டாள்: "ஆழமானியப் பாக்கறப்பெல்லாம் மூச்சப் பிடிச்சுக்கறீங்க, தெரியுமா? நான் உங்களப் பாத்தாலும் பிடிக்கறீங்க. தண்ணிக்குள்ள மூச்சப் பிடிக்கவே கூடாதுன்னு முதல் பாடமே அதுதானே? என்ன வேலை பாக்கறீங்க?"

அவள் சொன்னாள். பயிற்சியாளர் ஈய வார்களைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அவங்களப் பிடிக்கச் சொல்லிட்டு நீங்களும் சேந்து பிடிக்கறீங்களாக்கும்!"

இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். தடுப்புக்குப் பின்னால் தான் எப்படி நிற்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஆமாம். பத்தொன்பது வருடமாக, ஒவ்வொருவரோடும். எதையாவது கவனித்துப் பார்த்தால் அவள் உடம்பு படம் எடுக்கத் தயாராகிவிடுகிறது. நுரையீரல் நிறைகிறது, ஆள் மேலே போகிறாள். சாயங்காலமானால் சக்கையாகிப் போவதற்கும் இதுதான் காரணமோ என்னவோ. அதை யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் பயிற்சியாளர் அவளிடமிருந்து ஆழமானியை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள். "நான் பாத்துக்கறேன். நீங்க எதையும் பாக்காதீங்க." அதற்கு அந்த விரிகுடா மிகவும் வசதியாக இருந்தது. மணல்மேட்டில் ஒரு கடல் அட்டை கிடந்தது. காலையில் கிடந்த இடத்திலேயே மதியமும் கிடந்தது. அதற்கு முன்னால் அவள் மூச்சை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். ஒரு சாண் ஏறினாள், ஒரு சாண் இறங்கினாள். ஐந்தாம் நாள் அந்தச் சாணும் விரற்கடையாகக் குறைந்தது. சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் முதுகு வலித்தது.

அன்று மாலை பயிற்சியாளர், "நாளைக்குப் பவளப்பாறைக்குப் படகு போகுது. ஒருத்தர் தனியா வந்திருக்கார். உங்களோட ஜோடி போடட்டுமா?" என்றாள்.

"நீங்களே சொல்லுங்க. போடலாமா?"

பயிற்சியாளர் உடனே தலையாட்டாதது அவளுக்குப் பிடித்திருந்தது. "போடலாம்" என்றாள் கடைசியில். "ஆமை வந்துச்சுன்னாதான் கஷ்டம்."

ஜோடியாக வந்தவர் ஒரு பல் மருத்துவர். இறங்குவதற்கு முன் அவரிடம், "எனக்கு மேல போயிடற பழக்கம் உண்டு. போன வருஷம் ஒருத்தரையும் இழுத்துட்டுப் போயிட்டேன்" என்றாள். அவர் முகமூடியைத் துடைத்துக்கொண்டே, "சரிங்க, சரிங்க" என்றார். காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

ஆமை வந்தது. இடப்பக்கமாக வந்து, பாறையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவளுக்கு மூச்சு நின்றது. உடம்பு லேசாகி எழும்புவது தெரிந்தது. கண்ணை மூடி, இருந்த காற்றையெல்லாம் நிதானமாக வெளியே விட்டாள். திறந்தபோது பழைய இடத்துக்கே இறங்கியிருந்தாள். ஆமையின் பின்னங்கால்கள் மட்டும் மறைந்துகொண்டிருந்தன.

நாற்பத்தோராவது நிமிடம் மேலேறத் தொடங்கினார்கள். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டுத்தான் தண்ணீருக்கு வெளியே தலைநீட்ட வேண்டும். மூழ்குபவர்களின் விதி அது. ஒவ்வொரு முறையும் அவள் தவறவிட்ட இடமும் அதுதான். நின்றாள். பக்கத்தில் அவரும் நின்றார். இரண்டு பேரின் குமிழிகளும் தனித்தனியாக மேலே போயின.

படகில் ஏறியதும் அவர் பேச ஆரம்பித்தார். முகமூடியில் தண்ணீர் கசிந்ததாம். வாடகை முகமூடியை நம்பவே கூடாதாம். மேல்தாடையில் அழுத்துகிறதாம். கரை வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஒரு பரவாயில்லைகூட இல்லை. அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.