சகலையின் டெண்டில் ஒரு சொட்டு விழவில்லை: காளிப்பூர் கடற்கரையில் இரண்டு நாள்

போன நவம்பரில் வடக்கு அந்தமானில் திக்லிபூர் பக்கம் போனது என் மகள் இனியாவுக்காகத்தான். எட்டு வயது. "அப்பாவோட டெண்ட்ல தூங்கணும்" என்று ஆறு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போட்டுக் காட்டினேன். கடல் வேண்டுமாம்.

காலை நாலு மணிக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேரில் பஸ் ஏறினோம். மாயாபந்தர் சுமார் 240 கிலோமீட்டர். மதியம் இரண்டரைக்கு இறங்கினோம். இரவு தங்கல் என் சகலை பாஸ்கரன் வீட்டில். அவனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும், மறைப்பானேன்? மாமனார் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும் "பாஸ்கரைக் கேளு"தான். அவனும் குடும்பத்தோடு, எட்டு வருஷப் பழைய டெண்டோடு கிளம்பி நின்றான். என்னுடையது மெயின்லேண்டில் இருந்து வரவழைத்த புதுசு.

என் டெண்டின் மேல்விரிப்பை விரித்து, உள்பக்கத்தை விரலால் தேய்த்தான். தண்ணீர் தடுக்கும் பூச்சு வெள்ளைச் செதிலாக உதிர்ந்தது. எப்படித் துவைத்தீர்கள் என்று கேட்டான். எங்கள் பக்கம் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். மொட்டை மாடி அழுக்கு போகட்டும் என்று சோப்புத் தூளில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, தண்ணீர் போதாமல் ஒரே அலசாக அலசி மடித்துவிட்டிருந்தேன்.

"சாபுன் போட்டா கோட்டிங் கதம்ண்ணே. நாங்க மழையிலயே கொடியில போட்டு அலசிடுவோம். தையலுக்காவது பசை அடிச்சிடவா? ஃபேன் காத்துல விடியறதுக்குள்ள காஞ்சிடும்" என்றான். என் டெண்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஏழு மணிக்குக் கிளம்பி, திக்லிபூர் வரை 80 கிலோமீட்டர், அங்கிருந்து காளிப்பூருக்கு ஆட்டோவில் 18. தெரிந்தவர் பாக்குத் தோப்பில் அனுமதி வாங்கி இரண்டு டெண்டும் போட்டோம். நாலு மணிக்கு மழை. இருபதே நிமிஷத்தில் என் டெண்டில் தையலுக்குத் தையல் ஒழுகியது. இனியாவும் மனைவியும் பாஸ்கரன் டெண்டுக்கு ஓடினார்கள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம். நான் வீம்புக்கு நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அவன் டெண்டிலும் ஒரு சொட்டாவது விழக்கூடாதா என்று வேண்டிக்கூடக் கொண்டேன். பாழாய்ப்போன டெண்ட், ஒழுகவே இல்லை.

காலையில் வெட்கத்தை விட்டுப் பசையைக் கேட்டேன். ஒன்றுமே நடக்காதது போல, கூடவே உட்கார்ந்து அடித்துக் கொடுத்தான். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

போகிறவர்களுக்கு: கடற்கரையில் இருந்து வந்ததும் வெறும் நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசுங்கள். சோப்புத் தூள், பிரஷ் கூடாது. நிழலில் நன்றாகக் காயவைத்தே மடியுங்கள். தையல் பசையைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வீட்டில் அடித்து, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரக் காற்றில் அது லேசில் காயாது.

பசை அடித்த அன்று சாயங்காலம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. இனியா போர்வையைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். "இன்னைக்கு உன் டெண்ட்லதாம்ப்பா" என்றாள். தையலைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது.

"இன்னும் காயலடா. சித்தப்பா டெண்டுக்கே போ" என்று என் வாயாலேயே சொன்னேன்.