கயிற்றில் கோத்த கேன்கள்

நான். என் மருமகள். வஹினி. வஹினியின் மகள். தாபோடி பாலத்துக்குக் கீழே அந்தச் சுவருக்கு முன்னால் நின்றது அவ்வளவு பேர்தான்.

வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. சொந்தம் இல்லை. கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்தபோது பக்கத்து வீடு. இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். சுவரில் படம் போட்டது அவள் மகள். அவளுக்கு நான் மாவ்ஷி, அதாவது சித்தி. வந்து பார் என்று வஹினி போன் செய்தாள். போனோம்.

பெரிய சுவர். முழுக்கச் சிவப்பு. அதில் வரிசையாகப் பிளாஸ்டிக் கேன். நீலம், மஞ்சள், பச்சை, ரோஸ். ஓரமெல்லாம் தடித்த கறுப்புக் கோடு. ஆள் இல்லை, மரம் இல்லை. கேன் கைப்பிடிகளுக்குள்ளே நுழைந்து போகிற ஒரு கயிறு. அவ்வளவுதான் படம்.

"என்ன அத்தை, கேன் கம்பெனி விளம்பரமா?" என்றாள் மருமகள். கோயம்புத்தூர்க்காரி. விமான் நகரில் ஐ.டி. வேலை. "ஒரே கேனைத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்காங்க."

அதை வஹினிக்கு இந்தியில் சொன்னேன். சிரித்தாள்.

"கியூவுல நின்னா நாம மட்டும் என்ன, எல்லாம் ஒரே மாதிரிதானே இருந்தோம். வெயில்ல கறுத்துப்போய்."

மருமகளுக்குப் புரியவில்லை. சொன்னேன். அப்போது ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ரேஷன் கடையில்தான். இங்கே ராக்கேல் என்பார்கள். வண்டி எப்போது வரும், தெரியாது. ஆளுக்குப் பதில் கேன் நிற்கும். நடுவில் யாரும் நுழையக்கூடாது என்று எங்கள் லைன் வீட்டுக் கேன்களை ஒரே கயிற்றில் கோத்துவிடுவோம். அப்புறம் சுவர் நிழலில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்வோம். ஒருத்தி இன்னொருத்திக்குப் பேன் பார்ப்பாள். மாமியாரைத் திட்டுவோம். சேலையெல்லாம் ராக்கேல் வாசம். இப்போது சிலிண்டர் வாசலுக்கே வருகிறது. அந்த வாசம் எங்கேயும் இல்லை.

லைனில் பதினோரு வீட்டுக்கு ரேஷன் கார்டு இருந்தது. என் வீட்டுக்கு இல்லை. புதுசாக வந்தவள். கைக்குழந்தை, பால் காய்ச்ச வேண்டும். கார்டு இல்லாதவள் எதற்குப் போவது என்று கேனோடு வீட்டிலேயே இருந்தேன். வஹினி வந்தாள். எதுவும் கேட்கவில்லை. என் கேனை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றில் கோத்தாள். இது யாருடையது என்றார் கடைக்காரர்.

"ஆம்சா" என்றாள். எங்களுது.

ஆளுக்கு ஒரு டம்ளர் தங்கள் கேனிலிருந்து எனக்கு ஊற்றினார்கள். கார்டு வரும்வரை ஊற்றினார்கள்.

மருமகள் சுவரைப் பார்த்தாள். "அப்போ இதுல உங்க கேன் இருக்கா அத்தை?"

எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். அதை நேராகக் கேட்காமல், மொத்தம் எத்தனை கேன் என்று மட்டும் இந்தியில் கேட்டேன்.

"எத்தனை போடணும்னு அம்மாதான் சொன்னாங்க, மாவ்ஷி" என்றாள் வஹினியின் மகள்.

வஹினி வேறு பக்கம் பார்த்துச் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள். கார்டை எண்ணிச் சொன்னாளா, வீட்டை எண்ணிச் சொன்னாளா?

இடது ஓரத்திலிருந்து விரலை நீட்டி எண்ணிக்கொண்டே நடந்தேன். கயிறு விடாமல் கூடவே வந்தது.

பன்னிரண்டு.