சரியாகச் சொன்னால் தூளி ஆட்டலாம்

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு இலக்கணம் சொல்லித்தருவது, எண்ணெய் தேய்த்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வேலை. பிடித்தோம் என்று நினைக்கும்போதே வழுக்கிவிடும். இதே வேலையில் தொண்டை கட்டிப்போன உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்து நடுநிலைப் பள்ளியில் நான் பட்ட பாட்டில் கொஞ்சம் சொல்கிறேன்.

மாடு தின்ற புல்

ஏழாம் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், "மாடு புல் தின்னும். மாடு பால் தரும். மாடு வண்டி இழுக்கும்" என்று பக்கம் முழுக்க மாடு நிற்கும். ஒரே மாதிரி எழுதினால் படிப்பவருக்குக் கொட்டாவி வரும், நடுவில் ஒரு கேள்வி கேளுங்கள், ஒரு கட்டளை போடுங்கள், கொஞ்சம் வியந்துதான் பாருங்களேன் என்று மன்றாடினேன். கடைசி பெஞ்சு முனுசாமி எழுந்து நின்றான். மரியாதைக்குக் குறைவில்லாத பையன்.

"மாடு டெய்லி அதே புல்லத்தான் டீச்சர் துன்னுது. அதுக்கு இன்னா, கொட்டாவியா வர்து?"

இடுப்பில் தம்பி

அந்த வகுப்பில் வாக்கியத்தை விதவிதமாக மாற்றி எழுதத் தெரிந்தவள் தேசம்மாள் ஒருத்திதான். திடீரென்று அவள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். எனக்கு வகுப்பே வெறிச்சென்று ஆகிவிட்டது. வீட்டுக்கே போனேன். புதிதாகத் தொழிற்சாலை கட்டுகிற இடத்தில் அவள் அம்மா அஞ்சலைக்கு மண் சுமக்கும் வேலை கிடைத்திருந்தது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. தம்பியையும் பள்ளிக்குத் தூக்கி வரட்டும் என்றேன். அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தூக்கினு வரட்டும் டீச்சர். ஆனா அவன் கத்துனா நீங்கதான் ஆட்டணும், நான் மண்ணு கூடையோட ஓடியார முடியாது."

தூளிக்கு வந்த போட்டி

வகுப்பின் பின்பக்கம் உத்தரத்தில் அஞ்சலையின் பழைய புடவை தூளியாகத் தொங்கியது. ஆட்டுவதற்குப் பிள்ளைகளிடையே அடிதடி. சரியான வாக்கியம் சொல்பவர்தான் ஆட்டலாம் என்று சட்டம் போட்டேன். பிரம்பு செய்யாததைத் தூளி செய்தது; முனுசாமிகூட வாக்கியங்களை மாற்றிச் சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலைமையாசிரியரோ என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"திங்கட்கிழமை ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரார்மா. அவர் கண்ணுல தூளி பட்டுதுன்னா, மறுநாளே அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

இன்ஸ்பெக்டர் வந்த அன்று

தூளிக்கு முன்னால் இந்திய வரைபடத்தைத் தொங்கவிட்டோம். யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவைத்தேன். தேசம்மாள் காலையிலிருந்து வரைபடத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மழை பெய்கிறது" என்பதைக் கேள்வியாக மாற்று என்று இன்ஸ்பெக்டர் முனுசாமியைக் கேட்டார். "மழை பெய்கிறதா?" என்று சொன்ன கையோடு அவன் பழக்கதோஷத்தில் விறுவிறுவென்று நடந்துபோய், படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஆட்ட ஆரம்பித்தான். இந்தியாவும் சேர்ந்து ஆடியது.

"எங்கே போறே?" என்றார் இன்ஸ்பெக்டர். "கரெக்டா சொன்னேன்ல சார்?" என்றான். வேறு வழியில்லாமல் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படத்தை விலக்கி, தூங்குகிற குழந்தையையும் தேசம்மாளையும் பார்த்தார். அவள் அழத் தயாராக நின்றாள், நானும்தான். "தூளி இங்கேயே இருக்கட்டும்" என்று தலைமையாசிரியரிடம் மெதுவாகச் சொன்னார். முனுசாமி தூளியை விட்டு நகர்ந்து அவருக்கு வழிவிட்டான்.

"சாரும் கரெக்டா சொல்ட்டாரு டீச்சர். ஒருவாட்டி ஆட்டட்டும்."

என் இத்தனை வருடச் சர்வீசில் இலக்கண வகுப்பில் தூங்கி என்னிடம் திட்டு வாங்காத ஒரே ஆள் அந்தத் தம்பிதான்.