பராசக்தி வைத்த காகச்சோறு

இந்தக் கதையில் வருகிற போர் நீங்கள் அறிந்த போர் அல்ல. இதில் நெருப்பு காகத்தின் காலில் வந்தது. காகங்களைக் கூட்டில் பட்டினி போட்டு, ஓலைக்கூரையைக் கிளறினால்தான் இரை என்று பழக்கி, காலில் வெடிமருந்துப் பொட்டலம் கட்டி யாரோ பறக்கவிட்டார்கள். காகம் கூரையைக் கிளறும், பொட்டலம் உரசிப் பற்றும், வீடு போய்விடும். இப்படி யோசித்த மூளைக்கு வேறு வேலை கிடைக்கவில்லை போலும்.

அதனால் தொண்ணூறாம் ஆண்டு உரும்பிராயில் ஒருவரும் காகத்துக்குச் சோறு வைப்பதில்லை. கண்டால் தகரம் தட்டித் துரத்த வேண்டும் என்பது ஊர்க்காவலுக்குப் பொறுப்பான இராசநாயகத்தின் கட்டளை. அந்த நேரம் பார்த்துத்தான் பராசக்தியின் இறந்துபோன கணவர் ஏரம்புவின் ஆட்டைத் திவசம், அதாவது வருசத் திதி, வந்தது.

பராசக்தி வெங்காயத் தோட்டக்காரி. வாய் கொஞ்சம் நீளம். பிடிவாதம் அதைவிட நீளம். ஓலைவீட்டுக்குள் மகள் குணலட்சுமி கால் முறிந்து கட்டுப் போட்டபடி கிடந்தாள். தீப்பிடித்தால் எழுந்து ஓட முடியாது. ஆனாலும் காகம் தொடாத படையலை எப்படி வாயில் வைப்பது? வருசத்துக்கு ஒருநாள் வருகிற மனிதர் பசியோடு திரும்பிப் போவதா?

"ஊர் எரிஞ்சு போகட்டும் எண்டோ நிக்கிறியள், அக்கா?" வேலிக்கு வெளியே தகரத்தோடு நின்று கேட்டான் இராசநாயகம்.

"நான் என்ன கூரையிலையோ வைக்கப்போறன்? தோட்டத்துக்கை வைக்கிறன். நீர் உம்மடை தகரத்தைக் கொஞ்சம் சும்மா வைச்சிரும், தம்பி."

தோட்டத்து நடுவில், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலோரம் வாழையிலை விரித்தாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை. "கா, கா" என்று கூப்பிட்டாள்.

ஒரு காகம் வந்தது. காலில் பொட்டலம்.

நேரே வீட்டுக் கூரைக்கு மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றியது. இராசநாயகம் தகரத்தைத் தூக்கினான். தட்டக் கை வரவில்லை. தட்டினால் அது வெருண்டு கூரையிலேயே இறங்கிவிடும். பராசக்தி மறுபடி கூப்பிட்டாள். காகத்தைக் கூப்பிடுகிற மாதிரி அல்ல, கணவரைக் கூப்பிடுகிற மாதிரி.

"இஞ்சாருங்கோ, இஞ்சை வாங்கோ."

காகம் திரும்பியது. இலையருகில் வந்து இறங்கியது. கிளற என்ன இருக்கிறது, சோறு கண்முன்னே இருந்தது. வயிறு முட்டத் தின்றது. பிறகு வாய்க்காலில் இறங்கிச் சிறகடித்துக் குளித்தது. பொட்டலம் ஊறிக் கரைந்து, கறுத்த தண்ணீராக வெங்காயப் பாத்திக்குள் போனது.

பராசக்தி வரம்பில் இருந்துகொண்டு கைகூப்பி அழுதாள். நன்றி காகத்துக்கா கணவருக்கா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. உயிரோடு மகள் உள்ளே இருந்தாள், அது போதும்.

அடுத்த நாள் இராசநாயகம் தன் வீட்டுச் சோற்றோடு அதே வாய்க்காலுக்கு வந்தான். பிறகு மத்தியானமானால் ஊர்த் தோட்டமெல்லாம் இலை விரிந்தது. அரிசித் தட்டுப்பாட்டிலும் ஆளுக்கொரு பிடி வைத்தார்கள். காகங்கள் தின்றன, குளித்தன, போயின. கூரைகள் தப்பின.

"ஏரம்பு அண்ணைதான் காகமா வந்தவர் எண்டு நினைக்கிறியளோ, அக்கா?" என்று ஒருநாள் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஓம். உயிரோடை இருக்கேக்கை ஒருநாளும் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டை வராத மனிசன். பிள்ளைக்கு ஆபத்தெண்டதும் நேரத்துக்கு வந்திட்டார்."