உம்மா ஜாமீன் நின்ற வாசல்

கொண்டியாரை உண்டாக்கியவள் என் லாத்தா. லாத்தா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்கா. இவள் கூடப் பிறந்தவள் இல்லை, பெரியம்மாவின் மகள். ஒரே வீட்டில், ஒரே சோற்றுச் சட்டியில் வளர்ந்ததால் அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அவள் ஆறாம் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு. உலகத்தில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் நம்பினேன். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

ஒரு மழைக்காலத்தில் தொடர்ந்து பள்ளிக்கூடம் விடுமுறையாகிக்கொண்டே போனபோது, பொழுது போகாமல் எங்கள் வீட்டுக்குள் ஒரு பெரிய ராஜ்ஜியத்தை உருவாக்கினாள் லாத்தா. மாடிப்படிக்கு அடியில் அரண்மனை. அடுப்படி எதிரி நாடு. மொட்டை மாடி பேய்கள் வாழும் தீவு. ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் நிலைப்படியைத் தாண்டியாக வேண்டும். அதற்குக் காவல் வேண்டுமே? அதற்காக வந்து சேர்ந்தவர்தான் கொண்டியார். கதவை உள்ளே மாட்டுகிற இரும்புக் கொண்டியிலிருந்து பெயரை எடுத்தாள். பின்னால் 'ஆர்' சேர்த்தது மரியாதைக்கு.

கொண்டியாருக்கு முகம் கிடையாது. ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றுகொண்டே இருப்பார். உட்கார மாட்டார், தூங்க மாட்டார். அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல் நடுவில் கிடக்கிற எல்லாமே அவர் பொறுப்பு. பகலும் இல்லாத இரவும் இல்லாத மக்ரிபு பாங்கு நேரம் அவருடையது. கடல் வற்றி முடிந்து, திரும்ப ஏறத் தொடங்காமல் கொஞ்ச நேரம் சும்மா நிற்குமே, அதுவும் அவருடையது. அப்போது ஆடிக்கொண்டிருந்த என் முன்பல்லைக்கூட லாத்தா அவருக்கே எழுதி வைத்துவிட்டாள். நாக்கால் அதைத் தள்ளிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெரிய மனிதரைத் தொந்தரவு செய்கிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அவருடைய சட்டங்கள் கடுமையானவை. வலது காலைத்தான் முதலில் வைக்க வேண்டும். படியில் நின்று பேசக் கூடாது. படிக்கு இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம் இருப்பவருக்கு எதையும் நீட்டக் கூடாது. முக்கியமாக, வெளியே போகிறவர் 'போய்ட்டு வாரேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எல்லாம் பெரியவர்கள் தினமும் சொல்லி நாங்கள் காதில் போட்டுக்கொள்ளாத விஷயங்கள்தான். கொண்டியார் பெயரில் வந்ததும் நான் அப்படியே கேட்டேன். பெரியம்மாவுக்கு விஷயம் எட்டியபோது லாத்தாவின் காதைப் பிடித்துத் திருகி, "அல்லாவத் தவிர யாருடி நமக்குக் காவலு? இந்தப் பிள்ளைக்கு ஷைத்தான் கதையெல்லாம் சொல்லிக் குடுக்குறியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து கொண்டியார் ரகசியமானார். ரகசியமான பிறகு அவர்மேல் எனக்கு நம்பிக்கை இன்னும் கூடியது.

வாப்பா அரபு நாட்டில் ஒரு கடையில் வேலை பார்த்தார். எப்போதாவது ஒரு விடுமுறையில் ஆளாக வருவார். மற்றபடி வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வாப்பாவின் தம்பியான சாச்சாவின் போனில் குரலாக வருவார். "பல்லு விழுந்துருச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் என் வாப்பா.

ஒரு நாள் வகுப்பில் இருந்த என்னைப் பாதியில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வீடு நிறையப் பெண்கள். நடுவில் உம்மா வெள்ளைத் துப்பட்டி போர்த்தி உட்கார்ந்திருந்தார். யாரோ என்னை இழுத்து மடியில் போட்டு, "ஒங்க வாப்பா மௌத்தாயிட்டாகடி" என்று அழுதார்கள். மௌத்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எதிர்வீட்டுப் பெரியவர் மௌத்தானபோது பார்த்திருக்கிறேன். பள்ளிவாசலிலிருந்து சந்தூக் வரும். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, அந்தப் பெட்டியில் வைத்து ஆண்கள் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டுக்கு அன்று சந்தூக் வரவில்லை. யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. வாப்பாவை அங்கேயே அடக்கிவிடப் போகிறார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தும் எனக்கு ஒட்டவில்லை. வாப்பா அன்றைக்கு வீட்டில் இல்லை, வாஸ்தவம். முந்தின நாளும்தான் இல்லை. இப்போது புதிதாக என்ன நடந்துவிட்டதென்று இத்தனை பேர் அழுகிறார்கள்? எல்லோரும் அழுததால் நானும் கொஞ்சம் அழுதேன். பிறகு பசித்தது.

என் கண்ணுக்குத் தெரிந்து மாறியது ஒன்றுதான். உம்மா வாசலைத் தாண்டவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் விட வரவில்லை. மீன்காரம்மா வந்து நின்று கத்தினாலும் பெரியம்மாதான் சட்டியோடு போனார். ஆண்கள் யாராவது வந்தால் உம்மா திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடுவார். கேட்டால், "ஒங்க உம்மா இத்தால இருக்காக" என்றார்கள். இத்தா ஏதோ ஓர் இடம் என்று நினைத்துக்கொண்டேன். உம்மா கூடத்திலும் அடுப்படியிலும்தானே இருக்கிறார், இதில் எது இத்தா என்று யோசித்துத் தலை சுற்றியது. பெரியம்மா பொறுமையாக விளக்கினார்: புருஷன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பதுதான் இத்தா. எத்தனை மாதம் என்றா நான் கேட்டேன்? ஏன் என்றல்லவா கேட்டேன்.

லாத்தாவிடம் போனேன். அவள் சடை நுனியைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"போன தடவ விடியக்காலைல காரு வந்துருச்சுன்னு ஒங்க வாப்பா அவசர அவசரமாக் கெளம்புனாகல்ல? கொண்டியார்ட்ட போய்ட்டு வாரேன்னு சொல்லல. அதான் ஒங்க உம்மாவ ஜாமீனுக்குப் புடிச்சு வச்சிருக்காரு."

"எப்ப விடுவாரு?"

"வாப்பா திரும்பி வந்தா விடுவாரு."

ஜாமீன் என்ற சொல்லை அவள் டிவி சீரியலில் கற்றிருந்தாள். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாளா, என் நச்சரிப்பிலிருந்து தப்பிப்பதற்குச் சொன்னாளா என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குத் தெரியாது. எனக்கோ அன்றைக்குத்தான் மூச்சு வந்தது. இத்தனை பேர் இத்தனை நாள் சொல்லியும் விளங்காதது ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. வாப்பா உள்ளே வந்தால் உம்மா வெளியே போகலாம்.

உடனே வேலையைத் தொடங்கினேன். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் கதவுக்கு சலாம் சொன்னேன். இறால் வைத்துப் பொரித்த வாடா ஒன்று எனக்குக் கிடைத்தபோது, ஆசையை அடக்கிக்கொண்டு பாதியைப் பிய்த்து நிலைப்படி ஓரத்தில் வைத்தேன். முதலில் எறும்பு வந்தது. அப்புறம் விளக்குமாற்றோடு பெரியம்மா வந்தார். எறும்புகள் தப்பித்துவிட்டன, நான்தான் மாட்டினேன்.

சாச்சா அசந்த நேரம் அவர் போனை எடுத்து வாப்பாவின் எண்ணை அழுத்தினேன். ஒரு பெண் அரபியில் பேசினாள், பிறகு இங்கிலீஷில் பேசினாள். வாப்பாவின் கடையில் வேலை பார்ப்பவளாக இருக்கும். "வாப்பாவச் சீக்கிரம் வரச் சொல்லுங்க. படியத் தாண்டும்போது மறக்காம சலாம் சொல்லிட்டு வரச் சொல்லுங்க" என்று தமிழிலேயே சொல்லி வைத்தேன். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாச்சா போனை மெதுவாக வாங்கினார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி என்ன அழுக்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு மதியம் நான் நிலைக்கட்டையில் வாயை வைத்து ரகசியம் பேசிக்கொண்டிருந்தபோது உம்மா வந்து பின்னால் நின்றார்.

"யார்ட்ட பேசுற?"

வேறு யாராக இருந்தாலும் மழுப்பியிருப்பேன். ஜாமீனில் இருப்பவரிடமே மறைக்க முடியுமா? "வாசல்ல நிக்கிறவர்ட்ட" என்றேன்.

"என்ன சொல்றாராம்?"

"ஒங்கள விட்ருவாராம். கொஞ்சம் பொறுக்கணுமாம்."

உம்மா சிரித்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நிமிடம் என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். என் உச்சந்தலை நனைந்தது. சிரித்தவர் எதற்கு அழ வேண்டும்? வாப்பா வந்தால்தான் விடுவார் என்ற மீதியை நான் சொல்லவில்லை. அது உம்மாவுக்குத் தெரிந்த விஷயம்தானே என்று இருந்துவிட்டேன்.

உம்மாவின் இத்தா முடிகிற நாளும் வந்தது. காலையிலிருந்தே சொந்தக்காரப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். நெய்ச்சோறு மணத்தது. பெரியப்பா பரமக்குடியிலிருந்து வாங்கி வந்திருந்த நீலக் கைத்தறிச் சேலையை, குளித்து முடித்து வந்த உம்மாவுக்குக் கட்டிவிட்டார்கள். துஆ ஓதினார்கள். முதல் முதலாகப் பின் தெருவில் இருக்கும் மாமி வீட்டுக்குப் போய் வருவதாகப் பேச்சு. பெரியம்மா உம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்து, "பிஸ்மி சொல்லி, வலது கால எடுத்து வை ஆத்தா" என்றார்.

உம்மா கொஞ்சம் தயங்கினார். பிறகு காலை எடுத்துத் தெருமண்ணில் வைத்தார். அடுத்த காலையும் வைத்தார். யாரும் தடுக்கவில்லை.

விட்டுவிட்டார். கொண்டியார் உம்மாவை விட்டுவிட்டார். அப்படியென்றால் வாப்பா வந்துவிட்டார்! அன்றைக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் ஒரு நாளும் வந்ததில்லை, என் கல்யாணத்திலும் வரவில்லை. ஆனால் இந்தப் பெண்களைப் பார்த்தால் ஒருத்திக்கும் விவரம் தெரிந்த மாதிரி இல்லை. பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் தெரு குறுகல், கார் உள்ளே வராது. வாப்பா எப்போதும் தெருமுக்கில்தான் இறங்குவார். ஓடிப்போய்ப் பெட்டியை வாங்க ஓர் ஆள் வேண்டாமா? சேலைகளுக்கு நடுவே புகுந்து ஓடினேன்.

முக்கில் சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்தேன். மூச்சிரைக்க லாத்தா வந்தாள்.

"இங்கன என்னடி பண்ற?"

"வாப்பா வாராகல்ல."

அவள் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "அது சும்மா வெளாட்டுக்குச் சொன்னதுடி" என்றாள். எது விளையாட்டு? உம்மா வெளியே வந்தது விளையாட்டா? அதோ, தெருவில் எல்லோரும் பார்க்க நடந்து வருகிறாரே. அதைக் காட்டிக் கேட்டேன். எல்லாம் தெரிந்தவள் அழுதுகொண்டே திரும்பி ஓடி உம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு என்னவோ சொன்னாள். கொண்டியாருக்கு இனிமேல் வேலை இல்லாமல் போய்விட்டதே என்று அழுகிறாள் போல என்று நினைத்தேன்.

"மொதல்ல மாமி வீட்டுக்குத்தான் போகணும், அங்கன எதுக்குப் போற?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். உம்மா நிற்கவில்லை. என்னிடம் வந்து, "யாரப் பாத்துக்கிட்டு இருக்க ஆத்தா?" என்றார்.

"வாப்பாவ. ஒங்கள விட்டாச்சுல்ல, அப்ப வாப்பா வந்துட்டாகதானே?"

உம்மா திரும்பி ரோட்டைப் பார்த்தார். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கிப் போனார்கள். ஆட்டோவும் போய்விட்டது. உம்மா அந்தப் புதுச் சேலையோடு, புழுதி படிந்த கட்டைச் சுவரில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெண்கள் எல்லோரும் தள்ளியே நின்றுவிட்டார்கள். அவர்கள் முன்னால் உம்மா ஒரு நாளும் இப்படித் தெருவில் உட்கார்ந்ததில்லை. என் கையை எடுத்து மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலித்தது, ஆனாலும் இழுத்துக்கொள்ளவில்லை.

உம்மாவும் காருக்காகத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். ரோடு அவருக்கு மறைக்காமல் தெரியட்டும் என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.