ஈரம் பிடித்த மாசிபத்திரி

அன்று காலை ஏரிக்கரையில் தனம், மேரி, காசியம்மா, செல்வி, பச்சையம்மா ஆகிய ஐந்து அக்காமார்களும் நானும் இருந்தோம். எங்களோடு செடி பிடுங்கிய குப்பு அக்கா அன்று வரவில்லை. முந்தின நாள் மாலைதான் மகளைப் பிரசவத்துக்குப் புதுச்சேரிக்கு அழைத்துப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் என்னோடு சண்டை போட்டிருப்பார்.

மூலிகைக் கொள்முதல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்டமங்கலம் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் வற்றியதும் மாசிபத்திரி முளைக்கும். தரையோடு படரும் சிறு செடி. மஞ்சள் பொத்தான் போலப் பூ. இலை, தண்டு எல்லாம் பஞ்சு மாதிரி வெள்ளை முடி. ஒரே பருவத்தில் செத்துவிடும். அதற்குள் பிடுங்கிக் காயவைத்து விற்க வேண்டும். அந்த ஆண்டு புரோக்கர் இல்லாமல், திண்டிவனத்தில் ஒரு குடோனில் நானே பேசி ஒரு சாம்பிள் லோடுக்குச் சம்மதம் வாங்கியிருந்தேன். அது பாஸானால் சீசன் முழுக்க ஆர்டர் இந்தப் பெண்களுக்கே.

மூன்று நாள் பிடுங்கிக் கரையில் காயவைத்தோம். நான்காம் நாள் சனிக்கிழமை. குடோன் பகல் ஒரு மணிக்கு மூடிவிடும். விடிந்ததுமே செடியைக் கட்டுகளாகக் கட்டச் சொன்னேன்.

"தம்பி, கையில ஈரம் ஒட்டுதே. வெயில் ஏறட்டும், பத்து மணிக்கு மேல கட்டலாமே?" என்றார் மேரி அக்கா.

"மேலாப்புல பனிதாங்க்கா. வண்டி வந்துக்கினு இருக்குது. ஜல்தியா கட்டுங்க" என்றேன்.

"குப்பு இருந்தா உன் வண்டியத் திருப்பி அனுப்பியிருக்கும்" என்று செல்வி அக்கா சிரித்தார்.

காசியம்மாதான் பேச்சை முடித்தார். "காலேஜி படிச்ச புள்ளைக்குத் தெரியாதது நமக்குத் தெரிஞ்சிடுமா? கட்டுங்கடி."

மேரி அக்காவும் குனிந்து கட்டத் தொடங்கினார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். படித்தது தாவரவியல். ரெக்கார்ட் நோட்டில் இந்த முடிகளைப் படம் வரைந்து, 'ஈரத்தைப் பிடித்து வைக்கும்' என்று கீழே எழுதியதும் நான்தான்.

ஒரு மணிக்குள் குடோனில் சரக்கை இறக்கினோம். திங்கட்கிழமை பார்ப்பதாக மேனேஜர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அவர் ஒரு கட்டுக்குள் கையை விட்டார். உடனே வெளியே இழுத்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, உள்ள இட்லி வேகுதா?"

கட்டைப் பிரித்தேன். நடுவில் கறுத்துப் போயிருந்தது. ஓரத்தில் செடியின் முடி எது, பூஞ்சை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எடுத்துக்கினு போயிடு. பக்கத்து மூட்டையும் கெட்டுடும். இந்த சீசன்ல உங்க சரக்கே வாணாம்."

திருப்பிக் கொண்டுவந்து ஏரிக்குள்ளேயே கொட்டினோம். மறுநாள் வந்த குப்பு அக்கா அந்தக் குவியலைக் காலால் கிளறினார்.

"நீ படிச்சவன்னுதான அவளுங்க வாய மூடிக்கினாளுங்க. ஒருத்தி ஈரம்னு சொன்னாளாமே, அப்பவாவது தொட்டுப் பாத்தியா?"

நான் தொட்டுப் பார்க்கவில்லை.

படித்தவன் சொன்னால் எதிர்ப்பேச்சு ஒரு முறைதான் வரும். அந்த ஒரு முறையில் நின்று கேளுங்கள். அந்தப் பெண்கள் சேர்ந்து போட்ட வண்டி வாடகை போக வர மூவாயிரத்து அறுநூறு. குப்பு அக்காவோடு சேர்த்து அவர்கள் ஆறு பேர் வேறு வேலைக்குப் போகாமல் விட்ட மூன்று நாள் கூலி ஐந்தாயிரத்து நானூறு. பாதியாவது தருகிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்களுக்குப் போனது ஒன்பதாயிரம் ரூபாய்.